துணிக்கூரைப் பழைய கார்களில் ரேடியோவும் ஸ்பீக்கரும்: இராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. சென்னையில் தயாரான வண்டி. ஹெரால்டின் தகரக் கூரை போல்ட்டுகளால் இணைக்கப்பட்டது. எங்களுக்கு முன்பு வைத்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டுத் துணிக்கூரை போட்டிருந்தார். இருபது ஆண்டுகளாக அதை இராமநாதபுரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓட்டுகிறேன். மூன்று முறை ரேடியோ மாற்றிவிட்டேன். முதல் இரண்டையும் உப்பு தின்றது. மூன்றாவது இன்றும் பாடுகிறது. உச்சிப்புளி, கீழக்கரை, தொண்டிப் பக்கத்து நண்பர்கள் தங்கள் ஹெரால்டுக்கும் திறந்த ஜீப்புக்கும் வழி கேட்டு வரும்போது நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பா விட்டுச்சென்ற 1962 ஹெரால்டுக்குப் புது ஸ்டீரியோ வாங்கிவிட்டேன். நேராகப் பொருத்திவிடலாமா?

பொறுங்கள். முதலில் பானட்டைத் திறந்து, பாட்டரியின் எந்த முனை வண்டியின் உடம்போடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 1960-களின் பாதிவரை வந்த பிரிட்டிஷ் வடிவ வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். இன்றைய ஸ்டீரியோ எல்லாமே நெகட்டிவ் எர்த். அதன் உறையே நெகட்டிவ் முனை. பாசிட்டிவ் எர்த் வண்டியின் டாஷ்போர்டில் அந்த உறை இரும்பைத் தொட்ட நொடியே ஷார்ட் ஆகும்.

வழி இரண்டு. ஒன்று, வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது. கேட்பதற்குப் பயமாக இருந்தாலும் அரை நாள் வேலைதான். பாட்டரியைத் திருப்பி வைக்க வேண்டும். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு வயர்களை இடம் மாற்ற வேண்டும். ஆம்மீட்டர் இருந்தால் அதன் வயர்களையும் மாற்ற வேண்டும். பிறகு டைனமோவின் ‘எஃப்’ முனை வயரைக் கழற்றி, பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை ஓரிரு முறை தொட்டு எடுக்க வேண்டும். இதைச் செய்தால்தான் டைனமோவின் காந்தம் புதுத் திசைக்குத் திரும்பும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஏதாவது வண்டியில் இருந்தால், இந்த வேலைக்கு முன்பே அதன் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். திசை மாறினால் கருகிவிடும்.

இரண்டாவது வழி, உள்ளேயும் வெளியேயும் மின்தொடர்பு பிரிந்திருக்கும் மாற்றிப் பெட்டி ஒன்றை இடையில் வைப்பது. வண்டியைப் பிறந்தபடியே வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு இதுவே சரி.

ஜீப் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். பழைய வில்லிஸ் 6 வோல்ட், சில இராணுவ ஜீப்புகள் 24 வோல்ட். பின்னால் வந்த கைகள் 12-க்கு மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். ஊகம் வேண்டாம், மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள்.

கடையில் ‘ஆயிரம் வாட்’ என்று சொல்லி ஆம்ப்ளிபையர் தருகிறார்கள். என் டைனமோ தாங்குமா?

தாங்காது. தாங்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் அது ஆயிரம் வாட்டே அல்ல. ஸ்டீரியோவின் முதுகில் இருக்கும் பியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் பியூஸ் என்றால், 14 வோல்ட்டில் அந்தப் பெட்டிக்குள் போகக்கூடிய மின்சாரமே 140 வாட்தான். அதில் ஏறக்குறைய பாதி சூடாகப் போய்விடும். ‘50 வாட், நான்கு’ என்று அட்டையில் அச்சிட்ட செட், இடைவிடாமல் தரக்கூடியது ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 15 முதல் 20 வாட்.

இனி உங்கள் டைனமோவின் கணக்கு. லூகாஸ் சி40 வகை டைனமோ முழு வேகத்தில் தருவது சுமார் 22 ஆம்பியர். இரவில் ஹெட்லைட், பின்விளக்கு, இக்னிஷன், மழைக்கு வைப்பர் எல்லாம் சேர்ந்து 16, 17 ஆம்பியரை விழுங்கிவிடும். மிச்சம் ஐந்தோ ஆறோ ஆம்பியர். ரயில்வே கேட்டில் வண்டி நின்று இஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தருவதில்லை. ஆகவே ‘கிளாஸ் டி’ வகைச் சிறு ஆம்ப்ளிபையர் ஒன்றே நம் வண்டிகளுக்கு ஏற்றது. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை அது ஒலியாகத் திருப்பித் தரும், அதிகம் சுடாது, இருக்கைக்கு அடியில் அடங்கிவிடும். ஐந்து ஆம்பியரில் ஐம்பது வாட் உண்மையான ஒலி கிடைத்தால் போதும்.

சத்தம் போதவில்லை என்றால் ஆம்ப்ளிபையரைப் பெரிதாக்காதீர்கள், ஸ்பீக்கரை மாற்றுங்கள். ஸ்பீக்கர் அட்டையில் ‘சென்சிட்டிவிட்டி’ என்று டெசிபலில் ஒரு எண் இருக்கும். 88 உள்ளதற்குப் பதில் 92 உள்ளதைப் போட்டால், ஆம்ப்ளிபையரை இரண்டரை மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். டைனமோவுக்கு ஒரு சுமையும் கூடாது.

டாஷ்போர்டில் இரண்டு குமிழ் வைத்த பழைய ரேடியோ இருக்கிறது, ஊமையாகிவிட்டது. எடுத்துவிட்டுப் புது செட்டுக்கு இடம் வெட்டலாமா?

வெட்டாதீர்கள். இன்றைய செட்டின் முகம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மனியின் தர நிறுவனம் வகுத்த இந்த அளவுக்கு, பழைய டாஷ்போர்டின் இரண்டு குமிழ்த் துளையும் நடு ஓட்டையும் பொருந்தாது. வெட்டிய தகரத்தையும் மரப்பலகையையும் மீண்டும் ஒட்ட முடியாது. வெட்டிய டாஷ்போர்டோடு ஒரு வண்டி என்னிடம் வரும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது.

ஊமையான ரேடியோ பெரும்பாலும் செத்துப்போனதில்லை. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் வறண்டிருக்கும், முள்ளை நகர்த்தும் நூல் அறுந்திருக்கும். பழைய ரேடியோ பழுதுபார்த்த கை இன்னும் இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் மதுரையிலும் இருக்கிறது. கேட்டுத் தேடுங்கள். ஒருகாலத்தில் ரேடியோ வைத்திருக்கவே அஞ்சல் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். 1980-கள் வரை அந்த முறை இருந்தது. அப்படிப் பணம் கட்டிக் கேட்ட பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, புது செட்டைக் கையுறைப் பெட்டிக்குள் மறைப்பது என் விருப்பமான முறை. இன்னொரு வழி, பழைய உறைக்குள் புதிய எஃப்.எம். பலகையும் புளூடூத் பலகையும் பொருத்தி அதே குமிழ்களால் இயக்குவது. எதைச் செய்தாலும் பழைய உள்ளுறுப்புகளை ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். வருகிறவர் ஒருநாள் திரும்பப் பொருத்த விரும்பலாம்.

வெளிநாட்டிலிருந்து மச்சான் ஒரு நல்ல செட் கொண்டுவந்தார். ‘கடல் ஓசை’ எடுக்கவில்லை. செட் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இது இங்கே பலருக்கும் நேர்வது. பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் சமுதாய வானொலியான கடல் ஓசை 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அமெரிக்காவுக்கென்று செய்த செட்கள் எஃப்.எம்.மில் ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டுமே நிற்கும்: 90.3, அடுத்து 90.5. இடையில் இருக்கும் 90.4 அதற்குக் கிடையாது. ஜப்பானியப் பழைய செட் இன்னும் மோசம். அந்நாட்டு எஃப்.எம். 76-இல் தொடங்கும். பழைய செட்களில் 90-ஐத் தொட்டதும் முடிந்துவிடும்.

மத்திய அலையிலும் (செட்டில் ‘ஏ.எம்.’ என்றிருக்கும்) இதே சிக்கல் உண்டு. நம் நாட்டில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை, அமெரிக்காவில் 10. தூத்துக்குடி வானொலியின் 1053-ஐயும் திருச்சி வானொலியின் 936-ஐயும் அமெரிக்க அமைப்பில் உள்ள செட் சரியாகப் பிடிக்காது. 1050-இல் நின்று கரகரக்கும்.

செட்டின் அமைப்புப் பட்டியலில் ‘ஏரியா’ அல்லது ‘ரீஜன்’ என்று ஒன்று இருக்கும். அதை ஐரோப்பா அல்லது ஆசியாவுக்கு மாற்றினால் பெரும்பாலான அமெரிக்க செட்கள் சரியாகிவிடும். சிலவற்றில் அடியில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். ஜப்பானிய செட்டுக்கு இந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. கடையிலேயே 90.4-ஐ வைத்துக் காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் வழக்கமாக 100 வாட்தான். பாம்பனைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்கு மேல் அது எட்டாமல் போனால் உங்கள் செட்டைக் குறை சொல்லாதீர்கள்.

எல்லாரும் போனில் பாட்டுக் கேட்கும்போது மத்திய அலை எதற்கு? புது செட்களில் அது வருவதே இல்லையே?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

மத்திய அலை பகலில் தரையை ஒட்டிப் போகிறது. தரை மின்சாரத்தைக் கடத்தினால் அலை நெடுந்தூரம் போகும், கடத்தாவிட்டால் மண் அதை உறிஞ்சிவிடும். கடல்நீர் காய்ந்த நிலத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மின்சாரத்தைக் கடத்துகிறது. அதனால் உப்புக்கடல் மத்திய அலைக்கு ராஜபாட்டை. இலங்கையில் எழுந்த ஒலி மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் தாண்டி நம் கரைக்கு அவ்வளவு தெளிவாக வந்ததன் காரணம் இதுதான். தமிழ்நாட்டின் வேறு எந்த ஊரையும்விட இலங்கை வானொலி எங்கள் கரையில் சொந்த வானொலிபோல் கேட்டது. என் சிறுவயதில் வேதாளையில் வலை பின்னும் திண்ணைகளில், ஒரு வீட்டு ரேடியோ ஓய்ந்த இடத்தில் அடுத்த வீட்டு ரேடியோ தொடரும். தெருவில் நடந்துபோனாலே ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுவிடலாம்.

இரவில் இன்னொரு வழியும் திறக்கிறது. அலைகள் வானத்தின் உயர அடுக்கில் பட்டுத் திரும்பி, பகலில் கேட்காத தொலைதூர நிலையங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். மார்கழி இரவில் துணிக்கூரையை மடித்துவிட்டு, முள்ளை மெல்ல நகர்த்தி, இன்ன மொழி என்று தெரியாத குரல் ஒன்று எழுந்து அமிழ்வதைக் கேட்டுப் பாருங்கள். பழைய காருக்குள் பழைய ரேடியோ இருப்பதன் பொருள் அப்போது விளங்கும்.

மத்திய அலை ஒலிபரப்புகள் குறைந்து வருகின்றன என்பது உண்மை. அதனாலேயே இப்போது கேட்க வேண்டும் என்கிறேன். தனுஷ்கோடிச் சாலையில் போன் சமிக்ஞை அறுந்து அறுந்து வரும். ரேடியோவுக்கு அந்தக் கவலை இல்லை. வானிலை எச்சரிக்கை கேட்கவாவது ஒரு ரேடியோ வண்டியில் இருக்கட்டும். எனவே செட் வாங்கும்போது ‘ஏ.எம்.’ இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். புளூடூத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம், அது எதிலும் இருக்கும்.

ஒரு சிறு எச்சரிக்கை: சிகரெட் லைட்டரில் செருகும் மலிவான போன் சார்ஜர் மத்திய அலையைக் கொன்றுவிடும். ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் மட்டும் கேட்டால் முதலில் அதைப் பிடுங்கிப் பாருங்கள்.

அரிச்சல்முனையில் ஒரு நிலையம் பாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வேறொன்று புகுந்துவிடுகிறதே?

ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தால் எஃப்.எம். செட் வலுவானதை மட்டும் பிடித்துக்கொள்ளும், இரண்டையும் கலக்காது. தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. வண்டி சற்று நகர்ந்தாலும் வலு மாறும், இலங்கை நிலையம் முன்னுக்கு வரும். வெயில் காலத்தில் கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும்போது, தொலைவிலிருக்கும் எஃப்.எம்.கூட வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது? கதவை அறுத்துப் பொருத்தச் சொல்கிறார்கள்.

பழைய கதவு ஸ்பீக்கருக்கு நல்ல வீடு இல்லை. தகரம் மெல்லியது, அதிரும். உள்ளே மழைநீர் வழிந்து அடித்துளை வழியே போகும்படிதான் அந்தக் கதவை வடிவமைத்தார்கள். துணிக்கூரை வண்டியில் இன்னும் அதிகமாகவே நீர் இறங்கும்.

என் வண்டியில் முன் இருக்கைக்காரர்களின் கால் பக்கவாட்டில், டாஷ்போர்டுக்குக் கீழே, கடல் தாங்கும் ஒட்டுப்பலகையால் இரண்டு சிறு பெட்டிகள் செய்து, ஸ்பீக்கரைக் காதை நோக்கிச் சாய்த்து வைத்திருக்கிறேன். பெட்டியின் பின்புறம் முழுவதும் அடைத்திருக்க வேண்டும். அடைக்காவிட்டால் ஸ்பீக்கரின் முதுகிலிருந்து வரும் ஒலி முன்னால் வரும் ஒலியைத் தின்றுவிடும். கனத்த ஒலியெல்லாம் காணாமல் போகும். பெட்டிகள் வண்டியின் பழைய துளைகளிலேயே முடுக்கப்பட்டவை, ஓர் ஓட்டைகூடப் புதிதாகப் போடவில்லை.

கூரை திறந்த வண்டியில் அடித்தொனிக்கு ஆசைப்பட வேண்டாம். மூடிய அறையில் கனத்த ஒலி பெருகும். திறந்த வண்டியில் வெளியே ஓடிவிடும். மணிக்கு 70 கிலோமீட்டரில் காற்றின் இரைச்சல் அதே தாழ்ந்த தொனியில்தான் இருக்கிறது, இரண்டும் மோதினால் காற்றுதான் வெல்லும். ஆம்ப்ளிபையரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். சிறு ஸ்பீக்கர் வீணாக அடித்துக்கொள்ளாது, குரல் தெளியும். நம் பாட்டுகளின் உயிர் குரலில் இருக்கிறது. நாகஸ்வரமும் வயலினும்கூட அந்த எல்லைக்கு மேலேதான்.

உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும்?

பொருளைப் பொறுத்தது. என் முதல் ஸ்பீக்கர்கள் காகிதக் கூம்பும் ஸ்பாஞ்சு விளிம்பும் கொண்டவை. ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஓர் ஆடிக் கச்சான் காற்றும் கண்டன. விரலால் தொட்டால் விளிம்பு பொடியாக உதிர்ந்தது. கூம்பு பாலிபுரொப்பிலீனிலும் விளிம்பு ரப்பரிலும் இருக்க வேண்டும். படகுகளுக்கென்று வரும் ஸ்பீக்கர்கள் வெயிலையும் உப்பையும் எண்ணியே செய்யப்பட்டவை. விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

உப்பின் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதுகாப்பது எளிது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும், படிந்திருக்கும் உப்புத்தூள் தானே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். மண்டபத்திலும் பாம்பனிலும் பெரும்பாலான இரவுகளில் அப்படித்தான். பகலில் வெறும் வெள்ளைப் பொடியாகத் தெரிவது இரவில் மின்சாரம் பாயும் முனைகளை அரிக்கும் உப்புநீர். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு இடம்தான் மாறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்த்துங்கள். தனுஷ்கோடி போய்வந்த அன்றே இதைச் செய்ய வேண்டும். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போனாலும் அப்படியே.

வயரில் சிக்கனம் வேண்டாம். சாதாரணச் செம்பு வயரின் ரப்பருக்குள்ளேயே ஈரம் ஏறி, ஓர் அடி உள்ளே வரை கருத்துவிடும். வெளியே பார்த்தால் புதிதுபோல் இருக்கும். விசைப்படகுகளுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரைக் கேட்டு வாங்குங்கள். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே ஒரு பருவம்கூடத் தாங்காது. அழுத்திப் பிடிக்கும் முனை போட்டு, சூடு காட்டினால் சுருங்கி உள்ளே பசை உருகும் குழாயால் மூடுங்கள். பாட்டரியிலிருந்து வரும் முதன்மை வயரில், பாட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் கட்டாயம். உப்பு தின்ற வயர் உரசித் தீப்பிடித்தால் அதுதான் வண்டியைக் காக்கும்.

பலரும் எண்ணிப் பார்க்காத எதிரி ஒன்று உண்டு. நம் கடற்கரை மணலில் கரும்மணல் துகள் கலந்திருக்கிறது. ஸ்பீக்கர் காந்தம் அதை இழுத்து இடுக்கில் சேர்த்துக்கொள்ளும். ‘கர்ர்’ என்று உராயும் ஒலி வந்தால் அதுதான். வலைக்கம்பிக்குப் பின்னால் ஒலி ஊடுருவும் மெல்லிய துணி ஒன்றை இழுத்துக் கட்டினால் மணல் போகாது.

இஞ்சின் ஓடும்போது மட்டும் இரைச்சல் வருகிறது.

காது கொடுத்துக் கேளுங்கள். ‘டிக் டிக்’ என்று வேகத்தோடு கூடினால் ஸ்பார்க் பிளக் பக்கத்துக் குற்றம். மின்தடை உள்ள பிளக்கும் கார்பன் வயரும் போட்டால் அடங்கும். ‘உய்ய்’ என்று ஏறி இறங்கினால் டைனமோ. அதன் பெரிய முனையில் ஒரு கண்டென்சர் வையுங்கள், ‘எஃப்’ முனையில் வைக்கவே வைக்காதீர்கள். இரண்டுக்கும் அடங்காவிட்டால் எர்த் வயர் வண்டியின் உடம்பைத் தொடும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். இந்தக் கரையில் பாதி நோய்க்கு அதுதான் மருந்து.

ஏரியல் எந்த நீளம்?

எஃப்.எம்.முக்கு 75 சென்டிமீட்டர் அருமையான நீளம். மத்திய அலைக்கு நீளம் கூடக்கூட நல்லது, எனவே இழுத்து நீட்டும் வகையே நமக்கு ஏற்றது. துரு ஏறாத எஃகில் வாங்குங்கள். ஏரியலின் அடித்தட்டு, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பைத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் கிரீஸ் பூசி ரப்பர் வளையம் போடுங்கள். பானட்டுக்கு அடியில் மறைத்தால் இரும்பு எல்லாவற்றையும் தடுத்துவிடும்.

ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்தினால் பாட்டரி இறங்கிவிடுகிறது.

செட்டின் மஞ்சள் வயர் நேரம், நிலையங்கள் ஆகியவற்றை நினைவில் வைக்க எப்போதும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 10 மில்லிஆம்பியர்தான் என்றாலும் முப்பது நாளில் 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். அந்த வயரில் ஒரு சிறு சுவிட்சும், பாட்டரியின் எர்த்தில் கையால் திருகிப் பிரிக்கும் துண்டிப்பானும் போடுங்கள். நினைவில் வைத்த நிலையங்கள் அழிந்துபோகும், 90.4-ஐயும் 1053-ஐயும் திரும்ப வைக்க அரை நிமிடம்தான் ஆகும்.

கூரையை மூடுவதற்குள் மழை பெய்து செட் நனைந்துவிட்டது. என்ன செய்வது?

சாவியைத் திருப்பாதீர்கள். பாட்டரியைப் பிரியுங்கள். செட்டை வெளியே எடுத்து மேல்தகட்டைக் கழற்றி, கடல்நீர்த் திவலை பட்டிருந்தால் காய்ச்சி வடித்த நீரால் பலகையைக் கழுவுங்கள். பாட்டரிக்கு ஊற்றுவதற்கு விற்கும் அதே நீர் போதும். நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு முழு நாள் வையுங்கள். வெயிலில் வைத்தால் குமிழும் கண்ணாடியும் வளைந்துவிடும். மூன்றாம் நாள் 1 ஆம்பியர் பியூஸ் போட்டு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பியூஸ் எரியாமல் இருந்தால், பழைய பியூஸைப் போட்டு ஏரியலைச் செருகி முதலில் தூத்துக்குடியைத் தேடுங்கள்.